போட் மெயில், பாம்பன் பாலம், தனுஷ்கோடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் போய் வந்தவர்களுக்கு ரயில் பைத்தியம் பிடித்த ஒருவன் கண்ணில் பட்டால் போதும், இந்தப் பாதையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. பாலம் வேறு, அதில் ஓடிய ரயில் வேறு, அந்த ரயில் போய்ச் சேர்ந்த துறைமுகம் வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் பாதிச் சந்தேகம் வருகிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

போட் மெயில்னா என்ன? அது கப்பலா, ரயிலா?

ரயில்தான். கப்பல் ஏறப் போகும் பயணிகளையும் தபால் மூட்டைகளையும் கரை வரை கொண்டுபோய் விட்ட மெயில் வண்டி அது. சென்னை எழும்பூரில் கிளம்பும். கடற்கரையில் நீராவிக் கப்பல் காத்திருக்கும். அந்தக் கப்பல் இலங்கைக் கரையில் இறக்கிவிட்டதும், அங்கே கொழும்பு போகும் ரயில் தயாராக நிற்கும். எழும்பூரிலேயே கொழும்பு கோட்டை வரைக்கும் ஒரே டிக்கெட் வாங்கிவிடலாம். இந்தோ சிலோன் எக்ஸ்பிரஸ் என்றும் சொல்வார்கள்.

இந்தப் பக்கத்து வேலையெல்லாம் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வே கம்பெனியுடையது. அந்தப் பக்கம் சிலோன் அரசின் ரயில்வே.

ஆரம்பத்துல இருந்தே தனுஷ்கோடி வழியாத்தான் போச்சா?

இல்லை, முதலில் தூத்துக்குடி வழி. 1870களில் தூத்துக்குடிக்கு ரயில் வந்ததும் கொழும்புக் கப்பலுக்கு அதுதான் வாசல். ஆனால் அங்கே கரையோரம் ஆழம் போதாது. கப்பல் கடலுக்குள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சிறு படகில் போய்த்தான் ஏற வேண்டும். அதன்பிறகு கொழும்பு வரை நீண்ட கடல் பயணம். வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்தவர் பாக்கியசாலி.

மதுரையிலிருந்து மண்டபத்துக்கு 1902ல் ரயில் வந்தது. மண்டபத்தைத் தாண்டினால் பாம்பன் கால்வாய், அதற்கப்பால் ராமேஸ்வரம் தீவு. அந்தக் கால்வாய்க்குப் பாலம் போட்டு, தீவின் கிழக்குக் கோடியான தனுஷ்கோடி வரை தண்டவாளத்தை நீட்டியதும் கடல் பயணம் ஏறக்குறைய 35 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. 1914 முதல் போட் மெயில் இந்த வழிக்கு மாறியது. பாம்பன் பாலம் ராமேஸ்வரம் கோயிலுக்குப் போகும் பக்தர்களுக்காகக் கட்டப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பக்தர்களுக்கும் பயன்பட்டது என்பது உண்மை. ஆனால் கம்பெனி அவ்வளவு பணத்தைக் கடலில் இறக்கியது கொழும்பை மனதில் வைத்துத்தான்.

ரயில் பெட்டியையே கப்பல்ல ஏத்தி இலங்கைக்குக் கொண்டு போவாங்களாமே?

இல்லவே இல்லை. தனுஷ்கோடித் துறையில் ரயிலை விட்டு இறங்கி, மூட்டை முடிச்சோடு நடந்துபோய்க் கப்பல் ஏற வேண்டும். ரயில் கப்பலின் பக்கத்திலேயே போய் நிற்கும், அவ்வளவுதான் வசதி.

பெட்டியை ஏற்றிக்கொண்டு போயிருந்தாலும் பலன் இருந்திருக்காது. இந்தப் பக்கம் மீட்டர் கேஜ், அதாவது 1,000 மில்லிமீட்டர் அகலப் பாதை. இலங்கையில் அப்போதே பிராட் கேஜ், 1,676 மில்லிமீட்டர். நம் பெட்டி அங்கே தண்டவாளத்தில் உட்காராது. இந்த கேஜ் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

அந்தக் காலத்துல சென்னையிலிருந்து கொழும்புக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அட்டவணை காலத்துக்குக் காலம் மாறியது. பொதுவாக, இரவு எழும்பூரில் ஏறினால் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி. பரிசோதனைகள் முடிந்து கப்பலில் சில மணி நேரம். அன்று இரவே இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னார் துறையில் கொழும்பு ரயில். மூன்றாம் நாள் காலையில் கோட்டை ஸ்டேஷன்.

இது கையில் காசும் முறையான டிக்கெட்டும் இருந்தவர்களின் கணக்கு. தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களின் கணக்கு வேறு. மண்டபத்தில் சிலோன் அரசு நடத்திய முகாமில் அவர்களை நிறுத்தி, நோய்த் தொற்று இருக்கிறதா என்று சில நாட்கள் வைத்துப் பார்த்த பிறகுதான் கப்பலுக்கு விட்டார்கள். இன்றைக்கும் அந்த ஸ்டேஷனுக்கு மண்டபம் கேம்ப் என்றுதான் பெயர்.

ராமர் பாலத்து மேலேயே ரயில் போட நினைச்சாங்களாம், நிஜமா?

நிஜம்தான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள மணல் திட்டுகளையும் பாறைகளையும் பிடித்துக்கொண்டு ரயில் பாதையை இலங்கைக்கே கொண்டுபோகும் யோசனை பேசப்பட்டது, அளந்தும் பார்த்தார்கள். செலவைப் பார்த்ததும் கை கட்டிக்கொண்டார்கள். பாம்பனுக்கு மட்டும் பாலம், மிச்சத்துக்குக் கப்பல் என்று முடிவானது.

பாம்பன் பழைய பாலத்தை எப்போ கட்டினாங்க? ஜெர்மன்காரர் கட்டினதுன்னு சொல்றாங்களே?

வேலை 1911ல் தொடங்கியது. 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தார்கள். இந்தியாவின் முதல் கடல் பாலம். நீளம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 140க்கும் மேற்பட்ட கண்கள், அதாவது இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகள். மும்பையில் பாந்த்ரா–வொர்லி பாலம் வரும்வரை நாட்டின் மிக நீளமான கடல் பாலம் இதுதான்.

ஜெர்மன்காரர் கதை ஷெர்சர் என்ற பெயரால் வந்தது. நடுவிலுள்ள தூக்குப் பாலத்தின் அமைப்பு வில்லியம் ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளருடையது. ஆள் சிகாகோவைச் சேர்ந்தவர். பாம்பன் வேலை தொடங்குவதற்கு வெகு முன்பே, 1893ல் இறந்துவிட்டார். அவர் பெயரிலிருந்த நிறுவனம் அந்த வடிவமைப்பை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இரும்பு வேலை இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் கம்பெனியில் நடந்தது. ஆக, ஷெர்சர் பாம்பனுக்கு வந்து நின்று கட்டினார் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம்.

பழைய தூக்குப் பாலம் எப்படித் திறக்கும்? மோட்டாரா?

கைதான். நடுக் கண் 225 அடி நீளம், இரண்டு பாதியாக இருக்கும். ஒவ்வொரு பாதியின் அடியிலும் வளைந்த இரும்புப் பகுதி ஒன்று உண்டு. சாய்வு நாற்காலி பின்னால் சாய்வது மாதிரி, அந்த வளைவின் மீது உருண்டு பாலம் பின்னுக்குச் சாய்ந்து எழும்பும். எதிர் எடை பின்னால் இருப்பதால் முழுப் பளுவையும் மனிதர்கள் தூக்க வேண்டியதில்லை. ஆனாலும் ரயில்வே ஊழியர்கள் கூட்டமாக நின்று, நீளமான கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, பல்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். கொளுத்தும் வெயிலில், உப்புக் காற்றில். நூறு வருஷத்துக்கும் மேல் இப்படியே நடந்தது.

மோட்டார் போட்டிருக்கக் கூடாதா என்று கேட்பார்கள். கப்பல் தினமும் வந்தால் அது நியாயம். எப்போதாவது சில படகுகள் வரிசையில் காத்திருந்து போகும் இடத்தில், உப்புக் காற்றில் மோட்டாரைப் பராமரிப்பதைவிடக் கையால் சுற்றுவது நம்பகமானது. என் கண்ணுக்கு அந்தக் காட்சியில்தான் அழகும் அதிகம். சுற்றியவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

அந்த வழியா பெரிய கப்பலெல்லாம் போகுமா?

போகாது. பாம்பன் கால்வாய் ஆழம் குறைந்தது. விசைப்படகுகள், இழுவைப் படகுகள், மிதவைகள், கடலோரக் காவல் படகுகள் போன்ற சின்ன ரகங்கள்தான் பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையில் இப்படிக் கடக்கும். பெரிய சரக்குக் கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன.

சாலைப் பாலம் வர்றதுக்கு முன்னாடி ராமேஸ்வரத்துக்கு எப்படிப் போனாங்க?

ரயில், இல்லையென்றால் படகு. சாலைப் பாலம் 1988 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதுவரை தீவுக்கு அரிசி, பருப்பு, பேப்பர், மாப்பிள்ளை அழைப்பு எல்லாம் ரயிலில்தான்.

இதற்கு நல்ல உதாரணம் அப்துல் கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள். செய்தித்தாள் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வெளியே எறிவார்கள். பேப்பர் ஏஜென்டாக இருந்த உறவினருக்கு உதவியாக, அந்தக் கட்டுகளைப் பிடிப்பது சிறுவன் கலாமின் வேலை. அவருடைய முதல் சம்பாத்தியம் அதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

தனுஷ்கோடில நிஜமாவே ஸ்டேஷன் இருந்துச்சா? அங்க இருக்கிற இடிஞ்ச சுவர் அதுதானா?

இருந்தது. ஸ்டேஷன், அதைத் தாண்டிக் கப்பல் துறை, சுங்க அலுவலகம், தபால் அலுவலகம், தேவாலயம், தண்ணீர்த் தொட்டி என்று சுறுசுறுப்பான துறைமுக ஊர். இப்போது எல்லாரும் படம் எடுக்கும் பெரிய இடிபாடு தேவாலயம். ரயில் நிலையத்தின் மிச்சம் வேறு. சற்றுத் தள்ளிப் பார்த்தால் தூண்களும் வளைவுகளும் கிடைக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தேவாலயத்தை ஸ்டேஷன் என்று படம் போடுகிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தனுஷ்கோடிப் பாதை ராமேஸ்வரம் ஊருக்குள் போய் நீளவில்லை. பாம்பன்தான் சந்திப்பு. அங்கிருந்து ஒரு பாதை ராமேஸ்வரத்துக்கும் இன்னொன்று தனுஷ்கோடிக்கும் பிரிந்தது. அடுத்த கேள்விக்கு இது முக்கியம்.

1964 புயல்ல போட் மெயில் பாம்பன் பாலத்துல இருந்து கடல்ல விழுந்துடுச்சுதானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி, இரண்டு இடத்தில் தப்பு. அது போட் மெயில் இல்லை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி. பாலத்திலிருந்து விழவும் இல்லை. பாம்பன் சந்திப்பு பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் இருக்கிறது. வண்டி கிளம்பியதே அங்கிருந்துதான்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன்பு, ஆறு பெட்டிகளோடு பாம்பனிலிருந்து புறப்பட்டது. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீளமாக விசில் ஊதிக்கொண்டு வண்டியை நகர்த்தினார் என்பது எல்லோரும் சொல்லும் விவரம். ஸ்டேஷனுக்கு மிக அருகில் ராட்சத அலை வந்து வண்டியைப் புரட்டிப் போட்டது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

பாலமும் அதே புயலில்தான் உடைந்தது. ஒரே இரவில் நடந்த இரண்டு சம்பவங்கள் சொல்லிச் சொல்லி ஒன்றாகிவிட்டன.

அந்த ரயில்ல எத்தனை பேர் போனாங்க? 115ன்னும் சொல்றாங்க, 200ன்னும் சொல்றாங்க.

110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள், ஆக 115. இது டிக்கெட் கணக்கை வைத்து வந்த எண். உள்ளூர் வண்டி அது, டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள் என்பதால் 200 வரை சொல்கிறார்கள். புயலில் இரு நாட்டுக் கரைகளிலும் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அந்த எண்ணை ரயில் விபத்தின் எண்ணாக எழுதுபவர்களும் உண்டு, அதை நம்ப வேண்டாம்.

பாலத்தை 46 நாள்ல சரி பண்ணினது மெட்ரோ ஸ்ரீதரன்தானா?

அவரேதான். பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டிய இ. ஸ்ரீதரன். அப்போது அவருக்கு 32 வயது. ரயில்வே ஆறு மாத அவகாசம் கொடுத்திருந்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்துக் கொடுத்தார்.

எப்படி முடிந்தது என்றால், தூண்கள் பெரும்பாலும் நின்றன, நடுவிலுள்ள ஷெர்சர் தூக்குப் பாலமும் தப்பித்தது. போனவை தூண்களுக்கு மேலே உட்கார்ந்திருந்த இரும்பு கர்டர்கள். புதிதாக கர்டர் செய்து கொண்டுவருவதற்குப் பதிலாக, கடலில் விழுந்து கிடந்தவற்றைத் தேடி எடுத்து மறுபடி ஏற்றினார்கள். மீனவர்களின் உதவி இல்லாமல் அது நடந்திருக்காது. 46 நாள் என்ற எண்ணை மட்டும் சொல்லி ஒருவரைப் புகழ்ந்துவிட்டுப் போகிறோம். கடலுக்குள் இருந்து கர்டரை இழுத்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

புயலோட இலங்கைக் கப்பலும் நின்னுடுச்சா?

நிற்கவில்லை. தனுஷ்கோடிதான் நின்றது. ஊரை வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது, அந்தத் தண்டவாளத்தைத் திரும்பப் போடவில்லை. கப்பல் துறை ராமேஸ்வரத்துக்கு மாறியது. பழைய காலத்தில் இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் ஓடின. பிற்காலத்தவர்களுக்கு நினைவிருப்பது ராமானுஜம் கப்பல்.

அந்தக் கப்பலுக்கு ஒரு கனத்த கதை உண்டு. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். பல தலைமுறையாகத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் மலையிலிருந்து கோச்சி (ரயிலை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஏறித் தலைமன்னார் வந்து, ராமானுஜத்தில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து ஊர் தெரியாத ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தாத்தாவை இலங்கைக்கு அனுப்பும் முன் நிறுத்திவைத்த அதே முகாம்.

1980களில் இலங்கை நிலைமை மோசமானதும் கப்பல் நின்றுபோனது.

போட் மெயில்ல டிரங்க் பெட்டிக்குள்ள பிணம் வந்துச்சாமே?

வந்தது. 1952 ஆகஸ்டில் நடந்த ஆளவந்தார் கொலை வழக்கு. இந்தோ சிலோன் எக்ஸ்பிரஸில் ஒரு டிரங்க் பெட்டியிலிருந்து நாற்றம் வருகிறது என்று பயணிகள் புகார் செய்ய, மானாமதுரையில் திறந்து பார்த்தார்கள். தலையில்லாத உடல். தலை பிறகு சென்னை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. தடயவியல் முறையில் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்த விதத்துக்காக இந்த வழக்கு இன்றும் பேசப்படுகிறது. ரயிலுக்கு இதில் வேறு பங்கு எதுவும் இல்லை, எனவே இதோடு விடுகிறேன்.

மீட்டர் கேஜ் காலத்துல இந்த வண்டிக்கு என்ன இன்ஜின் போட்டாங்க?

ரசிகர்கள் கேட்கும் கேள்வி இது, மற்றவர்கள் தாண்டிப் போகலாம். 1960களின் நடுவில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மீட்டர் கேஜ் பாதைக்கு 25,000 வோல்ட் மின்சாரம் வந்தது. அதற்காக ஜப்பானிலிருந்து வாங்கிய ஒய்ஏஎம்–1 இன்ஜின்கள் மொத்தம் இருபது. இந்தியாவில் மீட்டர் கேஜுக்கு 25,000 வோல்ட் இன்ஜின் என்றால் அந்த ரகம்தான். எழும்பூரிலிருந்து தெற்கே போகும் வண்டிகளை விழுப்புரம் வரை இவை இழுக்கும். அங்கே கழற்றிவிட்டு நீராவி இன்ஜின் மாட்டுவார்கள். பிற்காலத்தில் அந்த இடத்துக்கு ஒய்டிஎம்–4 டீசல் வந்தது. விழுப்புரத்தில் இன்ஜின் மாறும் அந்த நேரத்தில்தான் பாதி ரயில் டீ குடிக்க இறங்கும்.

அவ்வளவு பழைய பாலத்தைப் பெரிய லைனா மாத்த முடிஞ்சுதா?

முடிந்தது, எளிதாக இல்லை. மீட்டர் கேஜ் எடைக்குக் கட்டியது அது. மானாமதுரை–ராமேஸ்வரம் பாதையை பிராட் கேஜாக்கும்போது பாம்பனை என்ன செய்வது என்று நெடுநாள் இழுபறி. ராமேஸ்வரத்துக்காரரான கலாம் அப்போது குடியரசுத் தலைவர், அவரும் வலியுறுத்தினார். கர்டர்களையும் தூக்குப் பாலத்தையும் பலப்படுத்தி, 2007 ஆகஸ்டில் பிராட் கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது.

பாலத்தின் மேல் ரயில் கிட்டத்தட்ட நடைவேகத்தில்தான் ஊர்ந்தது. கைப்பிடிச் சுவர் எதுவும் இல்லாமல் நேராகக் கீழே கடல் தெரியும். காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், வண்டி மண்டபத்திலோ பாம்பனிலோ காத்திருக்கும்.

அப்புறம் ஏன் 2022ல நிறுத்தினாங்க?

இரும்பும் உப்புக் காற்றும் நூறு வருஷம் ஒத்துப்போவதே பெரிய விஷயம். 2018 டிசம்பரில் தூக்குப் பாலத்தில் விரிசல் தெரிந்து சில மாதங்கள் ரயில் நின்றது. சரி செய்து ஓட்டினார்கள். 2022 டிசம்பர் 23 அன்று பாதுகாப்புக் காரணத்துக்காக மறுபடி நிறுத்தியதுதான், பழைய பாலத்தில் பயணிகள் ரயில் பிறகு ஓடவில்லை. தேதியைக் கவனித்தீர்களா? 1964 புயலின் அதே டிசம்பர் 22–23. தற்செயல்தான், ஆனாலும் ரசிகர்கள் கூடினால் இதைப் பேசாமல் இருப்பதில்லை.

அதன்பிறகு இரண்டு வருஷத்துக்கும் மேலாக ராமேஸ்வரம் வண்டிகள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றன.

புதுப் பாலத்துல என்ன வித்தியாசம்?

தூக்கும் முறையே வேறு. பழையது இரண்டாகப் பிரிந்து சாயும். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப் பகுதி படுத்த நிலையிலேயே, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே நேராக 17 மீட்டர் மேலே போகும். எதிர் எடை, மோட்டார், கம்பி வடம், கட்டுப்பாட்டு அறை என்று எல்லாம் இயந்திரம். சில நிமிடங்களில் ஏறிவிடும். இந்தியாவில் கடல் மேல் இப்படிச் செங்குத்தாகத் தூக்கும் ரயில் பாலம் இதுதான் முதல்.

மற்றபடி 18.3 மீட்டர் கண்கள் 99, மொத்த நீளம் 2.08 கிலோமீட்டர், பழையதைவிட 3 மீட்டர் உயரம். தூண்களை இரட்டைப் பாதைக்குத் தகுந்தபடி போட்டிருக்கிறார்கள், ஆனால் இப்போதைக்கு ஒரு தண்டவாளம்தான். செலவு 550 கோடி ரூபாய் அளவில். 2025 ஏப்ரல் 6, ராம நவமி அன்று பிரதமர் மோடி திறந்துவைத்தார். அன்று காலை அவர் இலங்கையில் அனுராதபுரத்தில் இருந்தார். புதுப்பிக்கப்பட்ட மாஹோ–ஓமந்தை ரயில் பாதையைத் திறந்துவைத்துவிட்டு, அங்கிருந்து நேராகப் பாம்பன் வந்தார். ஒரே நாளில் இரு கரையிலும் ரயில் விழா. பத்திரிகைகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதுப் பாலம் பாதுகாப்பானதில்லைன்னு அறிக்கை வந்துச்சே?

2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஆய்வு செய்து எழுதிய அறிக்கையைச் சொல்கிறீர்கள். திட்டமிடலில் விதிமுறைகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்றும், துரு பிடிப்பதைக் கவனிக்க வேண்டும் என்றும் அதில் காட்டமாகவே எழுதியிருந்தார். அதே அறிக்கைதான் ரயில் ஓட்ட அனுமதியும் கொடுத்தது. பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50. வடிவமைப்பு வெளிநாட்டு நிறுவனம் செய்தது, சென்னை, மும்பை ஐஐடிகள் சரிபார்த்தவை என்பது ரயில்வேயின் பதில்.

என் கருத்தைக் கேட்டால், பயந்து பயணத்தை ரத்து செய்ய இதில் ஒன்றுமில்லை. ஆனால் உப்புக் காற்று யாருக்கும் சலுகை தராது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, கடல் காற்றைத் தாங்கும் பெயிண்ட் எல்லாம் போட்டிருக்கிறார்கள். தொடர்ந்து பார்த்துக்கொண்டால்தான் அவற்றுக்கு மதிப்பு.

இப்பவும் போட் மெயில் ஓடுதா?

பெயர் இருக்கிறது, போட் இல்லை. எழும்பூர்–ராமேஸ்வரம் இரவு வண்டி ஒன்றை இன்னும் போட் மெயில் என்றே அழைக்கிறார்கள். பழைய மெயின் லைன் வழியாக, மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை என்று போகும். மெயின் லைன் முழுக்க பிராட் கேஜாக 2010 வரை ஆனது. விருத்தாசலம் வழியாகக் குறுக்கே போகும் சேது எக்ஸ்பிரஸ் வேறு வண்டி.

பழைய பாதையை அனுபவிக்க வேண்டுமானால் போட் மெயில், சீக்கிரம் போக வேண்டுமானால் சேது. புதுப் பாலத்தோடு தாம்பரத்திலிருந்து திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாக இன்னொரு வண்டியும் வந்திருக்கிறது.

தனுஷ்கோடிக்குத் திரும்ப ரயில் வருமா?

அடிக்கல் நாட்டியாகிவிட்டது, 2019 மார்ச்சில். ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 17 கிலோமீட்டர். ஆனால் சுற்றுச்சூழல் காரணங்களைச் சொல்லி மாநில அரசு சம்மதிக்கவில்லை, வேலை நகரவில்லை. 2017 முதல் தனுஷ்கோடியின் முனையான அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது, அதில் போகலாம்.

ரசிகன் இப்படிச் சொல்லக் கூடாதுதான், ஆனால் அந்த மணலில் மறுபடி தண்டவாளம் போட எனக்கு ஆசை இல்லை. அந்த ரயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கப்பல் இருந்தது. இப்போது போட்டால் வேடிக்கை பார்க்கிறவர்களை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அந்தப் பக்கம் தலைமன்னார்ல ரயில் இருக்கா?

இருக்கிறது. போரில் 1990ல் நின்றுபோன மதவாச்சி–தலைமன்னார் பாதையை இந்தியாவின் இர்கான் நிறுவனம் திரும்பக் கட்டியது. 2015 மார்ச்சில் தலைமன்னார் துறை வரை ரயில் வந்துவிட்டது.

கேஜ் விஷயம் கடைசியில் வரும் என்றேனே. கப்பல் ஓடிய காலத்தில் இந்தக் கரையில் மீட்டர் கேஜ், அந்தக் கரையில் பிராட் கேஜ். இன்று ராமேஸ்வரத்திலும் தலைமன்னாரிலும் ஒரே 1,676 மில்லிமீட்டர். நடுவில் கப்பல்தான் இல்லை.

அப்போ இன்னைக்கு ரயில்–கப்பல்–ரயில்னு கொழும்புக்குப் போகவே முடியாதா?

முடியும், வழி மட்டும் வேறு. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மறுபடி வந்தது. எழும்பூரிலிருந்து காரைக்கால் போகும் வண்டி நாகப்பட்டினத்தில் நிற்கும். காங்கேசன்துறையில் இறங்கினால் அங்கே ரயில் நிலையம் இருக்கிறது, கொழும்பு கோட்டை வரை அதே பாதை. எழும்பூரிலிருந்து கோட்டைக்கு ஒரே டிக்கெட் கிடையாது, மூன்றாக எடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டும் விசா ஏற்பாடும் கட்டாயம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள், மற்ற நாட்களிலும் கடல் சரியில்லை என்றால் ரத்தாகும். அதனால் முதலில் கப்பல் டிக்கெட்டை உறுதி செய்துகொண்டு பிறகு ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள். இலங்கை வடக்குப் பாதையில் பராமரிப்பு வேலைக்காக அவ்வப்போது ரயிலை நிறுத்துவதும் உண்டு, கிளம்பும் வாரத்தில் அதையும் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.